பத்தாவது ஆள்

ஓஹாயோ மாநிலத்தின் ஒரு சிறு நகரத்தில், யூத ஜெப ஆலயம் ஒன்றில் அலுவலக நிர்வாகியாக வேலை பார்க்கிறேன். ஐம்பது குடும்பம் தேறினால் அதிகம் என்கிற அளவுக்குச் சின்ன சபை. ஒரு காலத்தில் இங்கே கடைவீதியில் ஜவுளிக்கடையும் செருப்புக்கடையும் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டுப் பெருநகரங்களுக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். முழுநேர ரபி, அதாவது யூத மதகுரு, கிடையாது, மாதத்துக்கு இரண்டு முறை ரபி படிப்பு மாணவர் ஒருவர் வந்து போவார். மற்ற நாட்களில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும், யார் வீட்டில் திதி வருகிறது என்பதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

ஆமாம், திதிதான். இறந்தவரின் நினைவு நாளை அவர்களும் எபிரேய நாட்காட்டிப்படிதான் அனுசரிக்கிறார்கள். யார்ட்ஸைட் என்பார்கள். ஆங்கிலத் தேதி வருடாவருடம் மாறும், அதைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே குடும்பத்துக்குக் கடிதம் போட வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் குறிக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தால் நோயுற்றவர்களின் பட்டியலைத் தயார் செய்வேன். நலம் வேண்டும் பிரார்த்தனையில் ஒருவரை அவர் தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. அதனால் தொண்ணூறு வயதுக்காரரிடமும் போனில் ‘உங்கள் அம்மா பெயர் என்ன?’ என்று கேட்க நேரும். அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னவர்கள் உண்டு. அந்த அரை மணியையும் என் வேலையாகத்தான் நினைக்கிறேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்கிறது யூதர்களின் பழைய சமய நூலான தல்மூது. அப்படியானால் அறுபது பேர் போனால் போதுமே என்ற கேள்வியையும் அதுவே எழுப்பி, ஒவ்வொருவரும் மிச்சம் இருப்பதில்தான் அறுபதில் ஒன்றை எடுப்பார் என்று பதிலும் சொல்கிறது. எங்களிடம் அறுபது பேர் கிடையாது. இருக்கிற நாலைந்து பேரையே திரும்பத் திரும்ப அனுப்பினால் அவர்களும் களைத்துப் போவார்கள்.

அக்கம்பக்கத்துச் சர்ச்சுகளோடும் பள்ளிவாசலோடும் எங்களுக்கு உறவு வேர் பிடித்தது இந்த ஆள் பற்றாக்குறையால்தான். மதநல்லிணக்கக் கூட்டங்களுக்கு நிறைய நாற்காலி போட்டிருக்கிறேன். அவை வேண்டாதவை என்று சொல்லமாட்டேன். ஆனால் மேடையில் கைகுலுக்கியவர்கள் மறுவாரம் போன் செய்வது அபூர்வம். நாங்கள் வெட்கத்தை விட்டு உதவி கேட்ட பிறகுதான் நிலைமை மாறியது. சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்குக் கொடுப்பது எளிது, கேட்பதுதான் கஷ்டம். பாரமாகிவிடுவோமோ என்கிற பயம் தலைமுறை தலைமுறையாக ஊறியது. எங்கள் நிர்வாகக் குழுவிலேயே இதற்காக நீண்ட வாக்குவாதம் நடந்தது.

கொடுக்கும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீடில்லாத குடும்பங்களை வழிபாட்டு இடங்கள் முறைவைத்து ஒவ்வொரு வாரம் தங்கவைக்கும் ஏற்பாடு ஒன்று அமெரிக்காவில் உண்டு. கேரன் ஓல்சன் என்ற பெண்மணி 1986-இல் நியூ ஜெர்சியில் தொடங்கியது, இப்போது ஃபேமிலி ப்ராமிஸ் என்று பெயர். எங்கள் ஊரும் அதே முறையைப் பின்பற்றுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தை எப்போதும் நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்வோம், சர்ச்சுக்காரர்கள் பண்டிகையை நிம்மதியாகக் கொண்டாடட்டும் என்று. எபிரேய எழுத்துகள் ஒட்டிய ஞாயிறு வகுப்பறைகளில் கட்டில் விரிப்போம். சமையலறையில் இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம் என்பதால் அந்த வாரம் முழுக்கச் சைவம்தான். பருப்பும் சப்பாத்தியும் என் பொறுப்பு. கிறிஸ்துமஸ் மரத்தை ஜெப ஆலயத்துக்குள் வைக்க முடியாது. ஆனால் அங்கே தங்கும் குழந்தைக்குப் பண்டிகை இல்லாமல் போகக்கூடாது. அதனால் குடும்பங்கள் பகலில் இருக்கும் மையத்தில் மெதடிஸ்ட் சர்ச்சுப் பெண்கள் மரம் வைத்துப் பரிசுகளை அடுக்கிவிடுவார்கள்.

கேட்டு வாங்கியதில் எனக்கு மறக்காதது ஒரு ஷிவா. அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் துக்க வீட்டார் வெளியே போகாமல் அமர்ந்திருப்பார்கள். அடக்கம் முடிந்து வந்ததும் முதல் உணவு பிறர் கொடுத்ததாக இருக்க வேண்டும். அவித்த முட்டை, பயறு வகைகள். கதவு திறந்தே இருக்கும், தட்டாமல் உள்ளே போய், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பேசாமல் உட்கார வேண்டும். ஊரில் நெடுங்காலம் மருந்துக்கடை நடத்தியவர் இறந்திருந்தார். கடும் பனி. இருந்தும் கூடம் நிறைந்துவிட்டது: பழைய வாடிக்கையாளர்கள், சர்ச்சுக்காரர்கள், பள்ளிவாசலிலிருந்து அவருடைய டாக்டர். உணவு கொண்டுவந்த முஸ்லிம் பெண்களுக்கு பன்றியிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் கலந்த இனிப்பு ஏன் கூடாது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

துக்க வீட்டார் சொல்லும் கத்திஷ் பிரார்த்தனைக்குப் பத்து யூதர்கள் வேண்டும். எங்கள் சபையில் பெண்களும் கணக்கில் உண்டு, ஆனாலும் பத்து பத்துதான். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. எபிரேயத்தில் பத்துச் சொற்கள் உள்ள, பைபிளின் சங்கீதப் புத்தகத்து வரி ஒன்றை ஆளுக்கொரு சொல்லாக முணுமுணுத்துப் பார்ப்பார்கள். எங்கள் சபைத் தலைவர் கூடத்தைச் சுற்றி வந்தார். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. அத்தனை பேர் இருந்தும் ஒருவர் குறைவு. பக்கத்தில் இருந்த மெதடிஸ்ட் அம்மாள் ‘நான் நிற்கட்டுமா?’ என்று என் காதில் கேட்டார். முடியாது என்று தலையசைத்தேன். இத்தனை வருடம் அங்கே வேலை பார்க்கும் நானும் அந்தக் கணக்கில் சேரமாட்டேன். அதில் எனக்கு மனக்குறை கிடையாது. ஒரு சபை எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள முடியாது, வாங்கவும் கூடாது.

சபையில் ஒரு பாட்டி இருந்தார், இரவில் கார் ஓட்டமாட்டார். அவருக்குப் போன் செய்தேன். மெதடிஸ்ட் அம்மாளின் கணவர் பனி தள்ளும் பிளேடு மாட்டிய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனார். முக்கால் மணி நேரம் யாரும் கிளம்பவில்லை. பாட்டி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார், கத்திஷ் தொடங்கியது. மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத, கடவுளின் புகழ் மட்டுமே உள்ள அரமேயப் பிரார்த்தனை அது. ஆமென் வந்த இடத்தில் கூடமே சேர்ந்து சொன்னது.

கதவைத் திறந்தே வைப்பது வீட்டில் முடிகிறது, ஜெப ஆலயத்தில் முடியவில்லை. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கில் வழிபாட்டுக்கு வந்த 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு எங்கள் கதவுக்குப் பூட்டும் கேமராவும் வந்தன. 2022 ஜனவரியில் டெக்ஸஸின் கோலிவில்லில், குளிரில் வந்தவருக்கு ரபி தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்த ஆளே துப்பாக்கியைக் காட்டி அவரையும் இன்னும் மூவரையும் பிணை பிடித்தார். அதன் பிறகு அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு படபடக்கிறது. ஆனாலும் வெளியார் வருகையைக் குறைக்கலாம் என்று குழுவில் பேச்சு வந்தபோது நான் எதிர்த்தேன். வருகிறவர்களின் பெயரை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது என்று முடிவானது. யூதர்களின் பெரிய நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று வாசலில் எங்கள் ஆட்களோடு சர்ச்சிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் இருவர் இருவராக முறைவைத்து நிற்கிறார்கள்.

இந்த டிசம்பருக்கான தங்கும் வாரப் பட்டியல் ஓரளவு நிரம்பிவிட்டது. கடைசி இரண்டு இரவுக்குக் காவலுக்குப் படுக்க ஆள் வேண்டும். பள்ளிவாசலில் கேட்டிருக்கிறேன்.