சித்திராப் பௌர்ணமியில் கீரிமலைத் தீர்த்தம்

யாழ்ப்பாணத்துச் சைவ மரபில் தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர்கள் சித்திராப் பௌர்ணமியிலும் விரதம் இருப்பார்கள். 1980களின் பிற்பகுதியில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த என் அம்மா, ஸ்காபரோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த காலம் முழுவதும் இந்தப் பௌர்ணமியைத் தவறவிட்டதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தபோது அம்மம்மாவும் கொல்லங்கலட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு மானிப்பாயில் உறவினர் வீட்டில் ஒதுங்கினார். சில ஆண்டுகளில் அங்கேயே கண்மூடினார். பாதைகள் அடைபட்டிருந்த அக்காலத்தில் மரணச் செய்தியே கடிதமாகப் பல வாரங்கள் கழித்துத்தான் அம்மாவின் கைக்கு வந்தது. பெற்ற தாய்க்கு வாய்க்கரிசி போடக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை. தொழிற்சாலையில் மாலை நேர வேலை பார்த்த நாள்களிலும் அன்றைக்கு மட்டும் லீவு கேட்டு வாங்கி, குளித்து முழுகி, சாமிப்படத்துக்கு முன்னால் அம்மம்மாவின் சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துப் படைத்துவிட்டு, ஒரு வேளை மட்டும் உண்பார். அந்த விரதம்தான் அவர் தாய்க்குச் செய்த இறுதிக்கிரியை என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவுக்கு வந்தது சூலகப் புற்றுநோய். வயிற்று உப்பல், பசியின்மை என்று சாதாரண உபாதைகளாகவே தலைகாட்டுவதால் இந்நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே பிடிபடுகிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. சத்திரசிகிச்சையும் கீமோவும் சிறிது காலத்தை வாங்கித் தந்தன. கடைசிச் சித்திராப் பௌர்ணமியன்று உபவாசம் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தமையால், காலையில் நான் கொடுத்த கஞ்சியில் நான்கு கரண்டியைக் குடித்துவிட்டு, "அம்மா கோவிக்கமாட்டா" என்று எனக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

அவருக்காக நோற்கும் முதற் பௌர்ணமியை, யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள தீர்த்தத் தலமான கீரிமலையிலேயே நோற்பதென்று அண்ணாவும் நானும் முடிவு செய்தோம். அஸ்தியில் ஒரு பகுதியை அண்ணா முன்னரே கொண்டுவந்து, அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியை செய்து, அங்குள்ள கடலில் கரைத்திருந்தார். போர் முடிந்த பின்னும் இப்பகுதியின் பல காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. பாதை திறந்து, காங்கேசன்துறை வரை ரயிலும் மீண்டும் ஓடத் தொடங்கிய காலத்தில் அம்மாவால் நெடுந்தூரப் பயணத்தைத் தாங்க முடியாமல் போயிற்று.

கீரிமலையில் கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு மதில்தான் இருக்கிறது. மதிலுக்கு அப்பால் அலை அடிக்கிறது. இப்பால் சுண்ணக்கற் பாறைக்குள் மழைநீர் ஊறி நன்னீர் ஊற்றாகக் கேணிக்குள் சுரக்கிறது. பெண்களுக்கான கேணி தனியே இருக்கிறது. படியில் இறங்கிய கணத்தில் நீரின் குளிர்ச்சி கணுக்காலைப் பிடித்தது. சித்திரை வெயிலில் காய்ந்து வந்தவர்களுக்கு அதுவே பெரிய அனுக்கிரகம். குன்மநோயும் குதிரைமுகமும் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இத்தீர்த்தத்தில் ஆடி நலம் பெற்றாள் என்பதும், அவளே மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எழுப்பினாள் என்பதும் அம்மா எங்களுக்குச் சொன்ன கதை. குன்மம் என்பது வயிற்று நோய். தண்ணீரில் நின்றபோது அம்மாவின் வீங்கிய வயிறு நினைவுக்கு வந்து மனம் கலங்கியது. ஆனாலும் தீர்த்தத்தின் மேல் குறை சொல்ல வாய் வரவில்லை. அம்மாவும் ஒருநாளும் தெய்வத்தை நொந்ததில்லை.

கரையில் அண்ணா தர்ப்பை அணிந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பெண் பிள்ளைகள் இறைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு. அன்றைக்கு அதைப் பேசவில்லை. பிறகு நகுலேஸ்வரர் சந்நிதியில் அம்மாவின் பெயர், நட்சத்திரம் சொல்லி மோட்ச அருச்சனை செய்வித்தோம். போர்த்துக்கீசர் இடித்து, பிற்காலத்தில் எழுந்து, 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து, மறுபடியும் எழுந்து நிற்கும் ஈசுவரம் அது. நகுலாம்பிகையின் முன் நின்றபோது எனக்குத் தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. அம்மா என்று இரண்டு தரம் சொன்னேன். அம்பாளைச் சொன்னேனா, பெற்றவளைச் சொன்னேனா என்று எனக்கே தெளிவில்லை.

மாலையில் சின்னம்மாவுடன் ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சித்திரபுத்திரனார் கதை படிப்பைக் கேட்டோம். நாம் செய்யும் நன்மை தீமைகளைக் கணக்கெழுதுபவரின் கதை என்பதால், அம்மாவின் ஏட்டில் அந்த நான்கு கரண்டிக் கஞ்சியை எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பார் என்ற எண்ணம் வந்து, அழுகைக்கு நடுவே சிரித்தும்விட்டேன். படிப்பு முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி வார்த்தார்கள்.

திரும்பி நடக்கும்போது சின்னம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். திதி தொடங்கும் நேரம் ஊருக்கும் கனடாவுக்கும் மாறுபடுவதால், சில ஆண்டுகளில் ரொறன்ரோவில் பௌர்ணமி ஒரு நாள் முந்தி வந்துவிடுகிறது. இனி நான் அங்கிருந்து நோற்கும்போது எந்த நாளைக் கொள்வது என்பதே கேள்வி. சின்னம்மா அதிகம் யோசிக்கவில்லை.

"அக்கா தன்ர அம்மாவுக்கு எந்த நாளைப் பிடிச்சாவோ, அதையே நீயும் பிடி, பிள்ளை."

அம்மா ரொறன்ரோப் பஞ்சாங்கத்தைத்தான் பார்ப்பார்.