பதினாலு உதை என்றால் உறைபனி

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்று சாயங்காலம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். என் வண்டி காலையில் இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிட்டதாம். அதுதான் குற்றம்.

ஊட்டி ஜனவரியில் அப்பாவின் 2003 மாடல் வண்டியைக் கிளப்புவது பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா! சீட்டின் மேல் கல்லுப்பு கொட்டியதுபோலப் பனி. அந்தக் குளிரில் பெட்ரோல் ஆவியாகவே மாட்டேன் என்கிறது. சோக்கை இழுத்தால்தான் காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டி, ஏதோ ஓர் இருமல் வரும். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் பிளக் நனைந்துபோகும். அப்புறம் சாவியை அணைத்து, இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகி, வெறும் உதையாக உதைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் மச்சான் போனிலேயே மெக்கானிக் ஆகி, "சோக்கை அப்படியே விட்டுடுங்க மாமா" என்பான். 7,000 அடிக்கு மேலே காற்றே மெல்லிசு, கலவையில் பெட்ரோல் ஏற்கெனவே தூக்கல். அவன் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. இறக்கத்தில் உருட்டலாமே என்பீர்கள். எங்கள் சந்தோ வாசலிலிருந்து மேல்நோக்கித்தான் ஏறுகிறது.

நேற்று வேறு வழியில்லாமல் பழைய மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பெரும்பாலும் கார்ப்பரேட்டரே இல்லாத புது வண்டிகளைப் பார்த்தே தொழில் பழகிய அவருடைய பையன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் அந்தக் கார்ப்பரேட்டரைப் பிரித்து வைத்ததும் பாம்படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அண்ணன் அதற்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டுக் கொடுத்தார். காலையில் இரண்டே உதை! எனக்கே கண் கலங்கிவிட்டது.

பாட்டி இத்தனை வருடமாகப் போர்வைக்குள்ளிருந்து என் உதைகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். ஐந்துக்குள் என்றால் பேரனுக்கு ஸ்வெட்டர் மட்டும். பத்து என்றால் குல்லாவும் உண்டு. பதினாலைத் தாண்டினால் தோட்டத்து உருளைக்கிழங்குச் செடி கருகியிருக்கும், பையனுக்கு அன்றைக்குக் குளியல் கிடையாது.

"ரெண்டுதானேன்னு நம்பி குல்லா இல்லாம அனுப்பிட்டேன். மூக்கு ஒழுகிட்டு வந்து நிக்கிறான்."

"போன்ல பாத்துக்கலாமே பாட்டி" என்றாள் என் மனைவி.

"அதுக்கு எங்க சந்து குளிரு என்ன தெரியும்?"

பாட்டி போன பிறகு மனைவி என்னிடம், "பாவம், நாளையிலிருந்து சும்மாவாவது பத்து உதை உதைச்சுடுங்களேன்" என்றாள். சரி, உதைக்கலாம். சாவி போடாமல் உதைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பித் தொலைக்கும். ஆனால் பத்தா பதினாலா என்று முடிவு செய்ய, ஆறு மணிக்கு எழுந்து நான் போனில் வெப்பநிலை பார்த்தாக வேண்டும்.