மக்னீசியம்–இட்ரியம் வார்ப்பில் வலு எங்கே தொலைகிறது

கோவையில் அலுமினியமும் வார்ப்பிரும்பும் ஊற்றிப் பழகிய பவுண்டரியில், கெமிக்கல் ரிப்போர்ட் சரியாக இருந்தால் வலுவும் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அருமண் (ரேர் எர்த்) தனிமங்கள் கலந்த மக்னீசியத்தில் அது செல்லாது. ரிப்போர்ட்டில் வித்தியாசமே தெரியாத இரண்டு கட்டிகள் டென்சைல் மெஷினில் வெவ்வேறு உலோகம்போல் நடந்துகொள்ளும். டபிள்யூஈ43 கலவையை (இட்ரியம் 4, நியோடைமியம் முதலான அருமண் 3, சிர்கோனியம் 0.5 சதவீதம் அளவில்) உருக்குவதிலிருந்து டி6 சூட்டுப்பதம் (சூட்டில் கரைத்து, குளிர்வித்து, மிதச்சூட்டில் முதிரவைப்பது) வரை கொண்டுபோனதில் தெரிந்தவற்றை எழுதுகிறோம்.

20 கிலோ மூசைக்கு (உருக்கும் பாத்திரம்) எங்கள் கணக்கு: சுத்த மக்னீசியம் 14.7 கிலோ, 30 சத இட்ரியம் மாஸ்டர் அலாய் (மக்னீசியத்தில் முன்பே கலந்து வைத்த கட்டி) 2.9 கிலோ, 30 சத நியோடைமியம் மாஸ்டர் 1.8 கிலோ, 33 சத சிர்கோனியம் மாஸ்டர் 600 கிராம். இட்ரியம் எரிந்து கசடாகப் போவதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூட்டியிருக்கிறோம். சிர்கோனியத்தைத் தேவையைப்போல் இரண்டு மடங்கு போடுகிறோம், ஏனென்றால் பாதி கரையாமல் அடியில் தங்கிவிடும். மக்னீசியம் குளோரைடு கலந்த ஃபிளக்ஸைத் தொடவே கூடாது. அது இட்ரியத்தைக் குளோரைடாக்கி விழுங்கிவிடும். மேல்மூடிக்குப் பாதுகாப்பு வாயுதான் வழி.

மூசை மைல்டு ஸ்டீலாக இருக்கட்டும். நிக்கல் உள்ள ஸ்டெயின்லெஸ் வேண்டாம். துளி நிக்கல் கரைந்தாலும் வார்ப்பு வேகமாக அரித்துப்போகும். ஸ்டீல் மூசையின் வெளிப்புறத்திலிருந்து துருச்செதில் உதிர்ந்து உலைத் தரையில் கிடக்கும். மூசை ஓட்டையாகி உருகிய மக்னீசியம் அதன்மேல் விழுந்தால் தெர்மைட் வினை (துருவோடு சேர்ந்து கடுஞ்சூட்டில் எரிவது), உலையே போய்விடும். ஒவ்வொரு உருக்குக்கும் முன்னால் அந்தச் செதிலைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தரைக்குச் சிலிக்கா செங்கல் ஆகாது. சேலத்து வெள்ளைக்கல்லிலிருந்து வரும் மேக்னசைட் செங்கல் பொருந்தும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

720 டிகிரியில் நியோடைமியம், 750-இல் இட்ரியம், 780-இல் சிர்கோனியம். சிர்கோனியம் போட்டபின் 10 நிமிடம் அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு 15 முதல் 20 நிமிடம் அசைக்காமல் விட்டு, 750-க்கு இறக்கி ஊற்றுகிறோம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த அரை மணி நேரத்தில்தான். படியவிடும் நேரம் குறைந்தால் கரையாத சிர்கோனியம் கட்டிகட்டியாக வார்ப்புக்குள் போகும். ஊற்றத் தாமதமாகிக் கூடினால் எல்லாம் அடியில் உட்கார்ந்து படிக மணி (உலோகம் உறையும்போது உருவாகும் சிறு படிகம்) பெருத்துவிடும்; மணி பெருத்தால் வலு குறையும். அப்படி ஆனால் மறுபடி சூடேற்றிக் கலக்கிப் படியவிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மூசையின் கடைசிப் பங்கை ஊற்றாதீர்கள்.

ஸ்பெக்ட்ரோ (கலவை அளக்கும் கருவி) 0.5 சதம் சிர்கோனியம் காட்டும். அது மொத்தக் கணக்கு. மணியைச் சிறிதாக்குவதில் பெரும்பங்கு கரைந்திருக்கும் சிர்கோனியத்துக்கு. அலுமினியம், இரும்பு, சிலிக்கான், மாங்கனீசு எது சேர்ந்தாலும் சிர்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு கரைசலிலிருந்து வெளியே தள்ளிவிடும். நம்ம ஊர்ப் பவுண்டரிகளில் இப்படிக் கெடுவதற்கு, அலுமினியம் அள்ளிய லேடில் ஒன்றே போதும். மக்னீசியத்துக்கென்று தனிக் கரண்டி, தனிக் கலக்கி, மறுபடி உருக்கும் மிச்சத்துக்குத் தனி ரிட்டர்ன் பெட்டி வைத்தே ஆக வேண்டும். ஸ்பெக்ட்ரோவை நம்பி உட்காராமல் விரல் தடிமனுள்ள ஒரு குச்சி ஊற்றி, ஆறியதும் உடைத்துப் பாருங்கள். முறிவு பொடியுப்புபோல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் ஊற்றலாம். கல்லுப்புபோல் மினுங்கினால் நிறுத்துங்கள்.

அச்சுக்குப் பசை மணலோடு கந்தகத்தூளும் போரிக் அமிலமும் சேர்க்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஆனி, ஆடியில் முதல் நாள் செய்த அச்சை நம்ப முடியாது. அன்றைக்கே செய்து, டார்ச்சால் உலர்த்தி, சூட்டோடு ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தோடு வினைபுரிந்து வார்ப்பின் தோல் கறுத்துக் குழிவிழும்.

டி6: 525 டிகிரியில் 8 மணி நேரம், 60 முதல் 80 டிகிரி வெந்நீரில் குளிர்வித்தல், பிறகு 250 டிகிரியில் 16 மணி நேரம். வார்த்த நிலையில் அருமண் சேர்மங்கள் மணி எல்லைகளில் வலைபோல் கிடக்கும். அவற்றைக் கரைத்து உள்ளே அனுப்பத்தான் அந்த 8 மணி நேரம். கரையாமல் நின்றது வலுவுக்கு உதவாது, விரிசலுக்குத்தான் வழிகாட்டும். சூளையில் ஏதாவது ஒரு மூலை 540-ஐத் தாண்டினால் எல்லையிலேயே உருகத் தொடங்கும். மைக்ராஸ்கோப்பில் மூன்று மணிகள் சேரும் முக்கில் உருண்டைத் திட்டும் பக்கத்தில் ஓட்டையும் தெரிந்தால் அதுதான், இனி சரிசெய்ய முடியாது. தெர்மோகப்பிளைச் சூளைச் சுவரில் விடாமல் வார்ப்பிலேயே கட்டுங்கள்.

250 டிகிரியில் வெளிப்படும் பீட்டா வகை வீழ்படிவுகள் அறுகோணப் படிகத்தில் நிமிர்ந்த தட்டுகளாக நிற்கும். படிகத்தின் அடித்தளத்தில் (அணு அடுக்குகள் எளிதாக வழுக்கும் தளம்) வரும் நழுவலுக்கு இவை குறுக்குச் சுவர். 300-க்கு ஏற்றி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்தால் தட்டுகள் தடித்து எண்ணிக்கை குறைந்து, வலு இறங்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் விளைவு வலு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) 180, இழுவலு (அறுவதற்கு முன் தாங்கும் உச்சம்) 250 மெகாபாஸ்கல், நீட்சி 7 சதம் அளவில் எதிர்பார்க்கலாம். பிரினெல் கடினம் 85 முதல் 105.

மணியளவின் மதிப்பைக் கணக்கில் பாருங்கள். மணி சிறுத்தால் வலு எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஹால்–பெட்ச் மாறிலியை மக்னீசியத்துக்கு 280 என்று வைத்து, மைக்ரானில் உள்ள மணியளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், 200 மைக்ரான் மணி தரும் பங்கு 20 மெகாபாஸ்கல், 50 மைக்ரான் தருவது 40, 5 மைக்ரான் தருவது 125. அலுமினியத்தில் இந்த மாறிலி இதில் கால்பங்கு அளவே. மணியைச் சிறிதாக்கும் எக்ஸ்ட்ரூஷனுக்கு (சூடான கட்டியை அச்சுத் துளை வழியாகத் தள்ளுவது) மதிப்பு வருவது இதனால்தான். சேர்மங்களை முன்பே சூட்டில் கரைத்த பில்லெட்டை (உருளைக் கட்டி) 400 டிகிரி அளவில் மெதுவாகத் தள்ள வேண்டும்; வேகம் கூடினால் உரசல் சூட்டில் மேற்பரப்பு கிழியும். அருமண் இருப்பதால் படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்வதில்லை. அருமண் இல்லாத ஏஇசட்31 மக்னீசியக் கலவைக் கம்பி அமுக்கத்தில் இழுவையைவிட வெகு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். இதில் அந்த வித்தியாசம் சிறிது. ஆனால் தள்ளி முடித்த கம்பியைப் பழக்கதோஷத்தில் மறுபடி 525-இல் 8 மணி நேரம் போட்டுவிடாதீர்கள். சிரமப்பட்டுச் சிறிதாக்கிய மணி மறுபடி பெருத்துவிடும். நேரே டி5, அதாவது முதிர்வுச் சூடு மட்டும் போதும்.

மைக்ராஸ்கோப் மாதிரிக்கு: கடைசி மெருகை வைரப் பசையும் ஆல்கஹாலும் கொண்டு செய்யுங்கள். போர்வெல் தண்ணீர் பட்டால் வட்டவட்டமாகக் கறைபடும். அதை வீழ்படிவு என்று எண்ணிக் குழம்ப வேண்டியிருக்கும். மணி எல்லை தெரியும்படி மாதிரியை அரிக்கும் கரைசலுக்கு எத்திலீன் கிளைகால் 60, அசிட்டிக் அமிலம் 20, தண்ணீர் 20, நைட்ரிக் அமிலம் 1 மில்லி. சில விநாடிகளில் எடுத்து ஆல்கஹாலில் அலசி, வெந்காற்றில் உலர்த்தி, அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.