மணித்தாரா முட்டையின் முப்பதாம் நாள்

எங்கள் பக்கத்தில் வாத்தைத் தாரா என்றே சொல்வோம். கன்னியாகுமரி மாவட்டத் தேரூருக்கு அருகில் எங்கள் விளையில் (தோப்பில்) நான்கு நாட்டுத்தாராக்களும் மூன்று மணித்தாராக்களும் வளர்க்கத் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. ஒரே கூட்டில் அடைந்து, ஒரே சருவத்தில் தவிடும் சோறும் தின்கிற காரணத்தால், நிறத்திலும் பருமனிலும் மட்டும் மாறுபட்ட ஒரே இனம் என்றுதான் இவற்றை எண்ணியிருந்தேன். ஆனால் நாட்டுத்தாரா, மல்லார்டு எனப்படும் பச்சைத்தலைக் காட்டு வாத்தின் வழிவந்தது. முகத்தில் சிவந்த சதைமுடிச்சுகள் கொண்ட மணித்தாராவோ, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் மரப்பொந்துகளில் முட்டையிடும் மஸ்கோவி வாத்து. இந்த வேறுபாடு எனக்கு அடைவைப்பில்தான் உறைத்தது.

நாட்டுத்தாரா நன்றாக முட்டையிடும். ஆனால் அடைகிடப்பது அரிது. அதனால் தை மாதத்தில் அதன் ஆறு முட்டைகளை ஓர் அடைக்கோழியின் கீழ் வைத்தேன். கோழி முட்டையைவிடத் தாரா முட்டைக்கு ஈரப்பதம் கூடுதலாக வேண்டும் என்பதால், கோழி தீனிக்கு இறங்கும்போது வெதுவெதுப்பான நீரை விரல்களால் தெளித்து வந்தேன். 28 ஆம் நாளில் நான்கு குஞ்சுகள் வெளிவந்தன.

அந்தக் கணக்கை மனத்தில் கொண்டு, மாசியில் ஏழு மணித்தாரா முட்டைகளை வேறொரு கோழிக்கு வைத்தேன். ஏழாம் நாள் இரவில் டார்ச் ஒளியில் பிடித்துப் பார்த்தபோது, ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது, அது கூமுட்டை. மற்ற ஆறிலும் சிலந்திக்கால்கள் போலச் செந்நரம்புகள் பரவியிருந்தன. 28 ஆம் நாள் கடந்தது, 29 ஆம் நாளும் கடந்தது, ஒரு முட்டையிலும் கீறல் விழவில்லை. முப்பதாம் நாள் காலையில், எல்லாம் கெட்டிருக்கும் என்று முடிவுகட்டி ஒன்றின் அகன்ற முனையைத் தட்டி உடைத்தேன். ஓட்டுக்குக் கீழிருந்த வெண்சவ்வைக் கிழித்த இடத்தில் இரத்தம் கசிந்தது. உள்ளே, அலகைச் சிறகுக்கடியில் செருகியபடி முழு உருவான குஞ்சு; அதன் வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கரு இன்னும் உள்ளிழுக்கப்படாமல் கிடந்தது. சிறிது நேரம் அசைந்துவிட்டு அடங்கிப்போனது. நாள்கணக்கைக் கேட்டறியாமல் ஓர் உயிரைப் போக்கிவிட்டோமே என்ற வருத்தம் இன்றும் நீங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஓடினேன். "மணித்தாராவுக்கு அஞ்சு வாரம் வேணும் மக்களே, அதுக்கு முன்ன தொடப்பிடாது" என்றார். மீதி ஐந்து முட்டைகளையும் தொடாமல் விட்டேன். 34 ஆம் நாள் மாலையில் முதல் கீறல் விழுந்தது. மறுநாள் இரவுக்குள் நான்கு குஞ்சுகள் பொரிந்தன. தன் முட்டையாக இருந்தால் 21 நாளில் எழுந்திருக்க வேண்டிய அந்தக் கோழி, கொண்டை வெளிறிப்போய், ஐந்து வாரமும் எழாமல் இருந்தது.

அடுத்த முறை மணித்தாராவையே அடைகிடக்க விட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், ஏனெனில் அடைகாப்பதில் அதற்கு ஈடு இல்லை. பனையோலைக் கடவத்தில் வைக்கோல் பரப்பிக் கொடுத்தேன். தன் மார்புத்தூவியைப் பிடுங்கி அதன்மேல் அதுவே மெத்தை அமைத்துக்கொண்டது. நாளுக்கொரு முறை மட்டும் தூவியால் முட்டைகளை மூடிவிட்டு இறங்கி, தொட்டி நீரில் முங்கி, ஈர வயிற்றோடு திரும்பி வந்து அமரும். நான் விரலால் தெளித்த நீரின் வேலையை அதன் இறகே செய்துவிடுகிறது. பதினொரு முட்டைகளில் ஒன்பது பொரிந்தன.

மற்ற வேறுபாடுகளைப் பழகப் பழகக் கண்டுகொள்ளலாம். நாட்டுத்தாராப் பெட்டையின் கத்தல் தெருமுனை வரை கேட்கும். மணித்தாரா ஆணிடமிருந்து சீறல்தான் வரும். மணித்தாராவின் கால்நகங்கள் கூரியவை, அந்தியில் மதிலிலும் தாழ்ந்த மாங்கிளையிலும் ஏறி அடையும். நாட்டுத்தாரா பெரும்பாலும் விடியலையொட்டி முட்டையிடும் என்பதால், காலை எட்டரை மணிக்கு மேல்தான் கூட்டைத் திறக்கிறேன். இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு: பூஞ்சை பிடித்த கடலைப்பிண்ணாக்கைக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கினாலும் தாராக்குஞ்சு தாங்காது. எங்கள் ஊரில் இடவப்பாதியிலும் (வைகாசி நடுவில்) ஐப்பசியிலும் இரண்டு மழைக்காலம் உண்டு, ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும் என்பதால் பிண்ணாக்கையே நிறுத்திவிட்டேன்.

மணித்தாரா ஆண் நாட்டுத்தாராப் பெட்டையுடன் சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுகள் மலடாகவே இருக்கும்; ஆகவே இப்போது கம்பிவலை கட்டிப் பிரித்திருக்கிறேன். தேரூர் குளத்தில் எதையும் இறக்குவதில்லை. 2022 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தைச் சேர்ந்த அந்தக் குளத்துக் காட்டுப் பறவைகளுக்கு வீட்டுத் தாராவால் நோய் தொற்றக்கூடாது, அவற்றிடமிருந்து இவற்றுக்கும் தொற்றக்கூடாது.

இப்போது இரண்டாவது மணித்தாராப் பெட்டை பத்து முட்டைகளோடு கடவத்தில் இருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். 35 ஆம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.