கொண்டப்பநாயக்கன்பட்டிய காணோம்

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல, அதாவது கோட யாரு வேணா பாக்கலாம் மாத்தலாம்னு தொறந்து வச்சிருக்கற ப்ராஜெக்ட்ல, சேரணும்னா கோடிங் புலியா இருக்கணும்னு நம்ம பசங்க நெறைய பேரு நெனச்சுக்கிட்டு ஒதுங்கியே நிக்கறாங்க. கோட் எழுத ஆள் கெடைச்சிடுவாங்கப்பா, அந்த ப்ராஜெக்ட நடத்துறவங்களுக்கு பஞ்சமா இருக்கறது நேரம்தான். ஆபீஸ் போயிட்டு வந்து புள்ளைங்கள தூங்க வச்சிட்டு ராத்திரி ஒக்காந்து பாக்கறவங்க அவங்க, அதுல அரை மணி நேரத்த மிச்சம் பண்ணி குடுத்தீங்கன்னாலே பெரிய வேலைதான்.

எனக்கு இது புரிஞ்சது ஒரு ஊர் பேரால. என் ஃப்ரெண்டு ஒருத்தன் சேலத்துலேர்ந்து ஏற்காட்டு எஸ்டேட்டுங்களுக்கு பம்ப் சர்வீசுக்கு போறவன், மேல பல எடத்துல டவர் இருக்காது, அதனால ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற, ஜனங்களே சேந்து வரையற மேப்போட டேட்டாவ வச்சு ஓடுற ஒரு ஆஃப்லைன் மேப் ஆப்ப அவன் போன்ல போட்டு குடுத்திருந்தேன். முழுக்க வாலண்டியருங்க நடத்துறது, பேரு வேண்டாம். ஒருநாள் போன் பண்றான், "மாப்ள, உன் மேப்புல கொண்டப்பநாயக்கன்பட்டியே இல்லடா!" அடிவாரத்துக்கு போற வழில, அந்த 20 கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வர்ற ஊரு, அது எப்டி இல்லாம போகும்? மேப்ப தொறந்தா பேரு தமிழ்ல பளிச்சுன்னு தெரியுது, தேடினா மட்டும் ஒண்ணும் வரல.

மேப்ல இருந்த பேர காப்பி பண்ணி, நா டைப் பண்ணதையும் பக்கத்துல வச்சு, முதல் எழுத்துல எத்தன குறியீடு இருக்குன்னு பைத்தான்ல லென் போட்டு எண்ணிப் பாத்தேன். என்னோட 'கொ' 2ன்னு வருது, மேப்ல இருக்கற 'கொ' 3. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர்ல எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோடுல ஒகரக் குறிய ஒரே குறியீடாவும் எழுதலாம், ஒத்தக் கொம்பு, கால்னு ரெண்டு துண்டாவும் எழுதலாம், ரெண்டும் சமம்னுதான் விதி. தேடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சிங்கற ஒரே வடிவத்துக்கு கொண்டு வந்துடணும், இந்த ஆப் அத செய்யல, அவ்ளோதான்.

பக் ரிப்போர்ட் எழுதும்போதுதான் யோசிச்சேன், இத படிக்கப்போறவரு, அந்த ஆப்ப பாத்துக்கறவரு, ஜெர்மன்காரரு, அவருக்கு தமிழ் தெரியாது. ஆனா காப்பி பண்ணி ஒட்டத் தெரியும்ல. அதனால ரெண்டு 'கொ'வையும் தனித்தனியா குடுத்து, இத ஒட்டினா ஊர் வரும், அத ஒட்டினா வராது, ஆப் வெர்ஷன் இது, போன் இதுன்னு எழுதினேன். மலையாளத்துலயும் வங்காளத்துலயும் இதே கதைதான்னு ஒரு வரி, ஜெர்மன்ல u மேல ரெண்டு புள்ளி வைக்கிற எழுத்துக்கும் இதே ரெண்டு வடிவம் இருக்குன்னு இன்னொரு வரி. அந்த கடைசி வரிதான் வேலை செஞ்சதுன்னு நெனக்கறேன், மனுஷன் ஒரு கேள்வி கூட திருப்பி கேக்கல, பேட்ச், அதாவது கோட்ல செய்யற திருத்தம், அது சரியா ஓடுதான்னு பாக்கற டெஸ்ட்டோட அனுப்ப முடியுமான்னு மட்டும் கேட்டாரு. பேட்ச் ரொம்ப சின்னது, ஜாவால அதுக்குன்னே நார்மலைசர் இருக்கு. டெஸ்ட் எழுதத்தான் கண்ணு முழி பிதுங்கிடுச்சு.

"சர்ச் வேலை செய்யல, சீக்கிரம் சரி பண்ணுங்க"ன்னு ஒத்த வரி போட்டுட்டு போறவங்கதான் அந்த ஆப்போட பக் ரிப்போர்ட் லிஸ்ட்ல பாதி. காசு குடுத்து வாங்கின மாதிரி அதட்டல் வேற. 2024 மார்ச்ல ஃபைல சுருக்கற எக்ஸ்இஸட்ங்கற ஓப்பன் சோர்ஸ் ப்ரோக்ராம்ல பேக்டோர், அதாவது ரகசிய திருட்டு வழி, வச்சிருந்தது வெளிய வந்துச்சே ஞாபகம் இருக்கா, அதுக்கு வழி விட்டதும் இந்த மாதிரி அதட்டல்தான். அத ஒத்த ஆளா பாத்துக்கிட்டிருந்த லாஸ்ஸே கொல்லின், மனசு முடியல, இது சம்பளமில்லாத ஹாபின்னு 2022லயே சொன்னாரு. ஏன் லேட்டு, வேற ஆள சேத்துக்கன்னு போலி பேருங்கள்ல வந்து நச்சரிச்சாங்க, அப்டி உள்ள நுழைஞ்ச ஆளுதான் பேக்டோர் வச்சது. தூரத்துல இருக்கற சர்வருக்குள்ள நுழையற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் இழுக்குதேன்னு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கற இன்ஜினியர் தோண்டிப் பாத்ததால தப்பிச்சோம். அவரு பண்ணதும் நல்லா எழுதின ஒரு ரிப்போர்ட்தான்.

பேட்ச் சேந்துடுச்சு, கொண்டப்பநாயக்கன்பட்டி இப்ப எப்டி தேடினாலும் வருது. ஆனா 'கௌ' இன்னும் சொதப்புது. நம்மாளுங்க பாதி பேரு 'கௌரி'ய ஒத்தக் கொம்பு கவும் ள எழுத்தும் போட்டு 'கெளரி'ன்னு அடிக்கறாங்க, இத என்எஃப்சி சரி பண்ணாது, ஏன்னா அது நெஜமாவே வேற எழுத்து. கண்ண மூடிக்கிட்டு மாத்தினா 'தெளிவு', 'கெளுத்தி' எல்லாம் நாசமாயிடும். ள மேல புள்ளியோ வேற உயிர்க்குறியோ இருந்தா தொடாதேன்னு ஒரு ரூல் போடலாம்னு சொல்லிருக்கேன், அப்பவும் 'தெள்ளி'ய புள்ளி விட்டு 'தெளளி'ன்னு யாராச்சும் தப்பா அடிச்சா என்ன பண்றதுன்னு ஒருத்தரு கேட்டிருக்காரு, நியாயமான கேள்விதான். அந்த இஷ்யூ ஓப்பனாத்தான் கெடக்கு. வேற வேற கீபோர்டுல இந்த எழுத்து எப்டி விழுதுன்னு டெஸ்ட் பண்ணி சொல்ல ஆள் வேணும், கோடிங் ஒரு வரி கூட தெரிய வேணாம், போன் இருந்தா போதும்.