வைவாவில் கைகொடுத்த கமிட் செய்திகள்

எங்கள் புராஜெக்ட் வைவாவில் வெளித்தேர்வாளர் செயலியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கிட் வரலாற்றைத் திறக்கச் சொன்னார். நிரலில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைக்கும் கருவிதான் கிட்; அப்படி ஒரு பதிவு கமிட், அதோடு நாம் எழுதும் குறிப்பு கமிட் செய்தி. கமிட் செய்தியை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைக்கும் சேலத்துத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுடையது செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்கான கூலி, சேதாரக் கணக்குச் செயலி. 'வெள்ளி எடையை மில்லிகிராமில் முழு எண்ணாகச் சேமி' என்ற வரியில் அவர் நின்றார். "ஏன் கிராமில் வைக்கவில்லை?" பதில் அந்தச் செய்தியின் உடற்பகுதியிலேயே இருந்தது: தசம எண்ணாக வைத்தால் 0.1, 0.2 இரண்டையும் கூட்டும்போது 0.30000000000000004 வருகிறது, கொடுத்த வெள்ளியையும் திரும்பி வந்ததையும் ஒப்பிடும் இடத்தில் கணக்கு இடறும். அதை எழுதிய தோழி திரையைப் பார்த்தே விளக்கிவிட்டாள். எந்த வரி மாறியது என்பதை கிட் காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பல குழுக்களின் வரலாற்றில் 'அப்டேட்', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்றுதான் இருக்கும். ஏற்காட்டில் எடுத்த படங்களுக்குக்கூட இதைவிட நல்ல பெயர் வைக்கிறோம்.

வடிவம் எளிது. தலைப்பு வரி 50 எழுத்துக்குள். அடுத்து ஒரு வெற்று வரி. பிறகு 72 எழுத்துக்கு மடித்த விளக்கம். வெற்று வரி இல்லாவிட்டால், ஒற்றை வரிப் பட்டியலில் தலைப்பும் விளக்கமும் ஒட்டிக்கொள்ளும். 72 எதற்கு? பழைய டெர்மினலின் அகலம் 80 எழுத்து. வரலாற்றைக் காட்டும் கிட் லாக் கட்டளை இடப்பக்கம் நான்கு இடம் விடுகிறது, வலப்பக்கமும் அவ்வளவு விட்டால் மீதி 72.

வினை ஏவலாக இருக்கட்டும்: 'சேர்த்தேன்' வேண்டாம், 'சேர்' போதும். கிட் தானாக எழுதும் மெர்ஜ் (இணைப்பு), ரிவர்ட் (மாற்றத்தைத் திரும்பப் பெறுதல்) செய்திகளும் அப்படித்தான். புது வசதிக்கு ஃபீட், பிழைத் திருத்தத்துக்கு ஃபிக்ஸ் என்று தலைப்பின் முன்னால் போடும் முன்னொட்டுகள் நான்கு பேர் குழுவுக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆளுக்கொரு வழக்கம் மட்டும் கூடாது.

கமிட் கட்டளையில் '-எம்' போட்டு ஒரே வரியில் முடிக்கும் பழக்கத்தை விடுங்கள். '-வி' கொடுத்தால் எடிட்டரில் மாற்றங்களும் கீழே தெரியும். அவற்றைப் பார்த்தபடி எழுதலாம். தலைப்பில் 'மற்றும்' வந்தால் பெரும்பாலும் அது இரண்டு கமிட்டாகப் பிரிய வேண்டியது.

ரிப்போர்ட் பைண்டிங்குக்கு ஐந்து ரோட்டுக்கு ஓடும் வாரத்தில் பழைய செய்திகளை அழகுபடுத்த உட்காராதீர்கள். 'அமெண்ட்' கடைசிக் கமிட்டைத்தான் திருத்தும், அதுவும் புஷ் செய்வதற்கு, அதாவது குழுவின் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவதற்கு, முன்பு செய்ய வேண்டியது. புஷ் செய்தபின் மாற்றினால் கமிட்டின் அடையாள எண்ணே மாறி, குழுவில் மற்றவர்களின் பிரதியோடு மோதும்.