ஒன்றரை நிமிட மாங்கனீசு

"இரும்பைப் பார்க்க ஜெனீவா வரைக்குமா? நம் ஊரில் இல்லாத இரும்பா?" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். படிகத்துக்குள் ஓர் இரும்பு அணு எந்த இடத்தில் உட்காருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் டர்பனிலிருந்து செர்ன் ஆய்வகத்தில் கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் ஐசோல்டே பிரிவுக்கு என்னைப் போகவைத்தது உண்மையில் இரும்பு அல்ல, இரும்பாகச் சிதையும் மாங்கனீசு-57. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், சுமார் ஒன்றரை நிமிடம். பொட்டலம் கட்டி அனுப்பச் சொல்ல முடியாது. பிறக்கும் இடத்திலேயே பிடித்தாக வேண்டும்.

இரும்பையே நேரடியாகப் படிகத்துக்குள் செலுத்தலாமே என்பார்கள். அதற்கு அணுக்கள் ஏராளமாக வேண்டும். அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் தனி அணுவின் இடம் தெரியாது. கதிரியக்க மாங்கனீசு மிகக் கொஞ்சம் போதும்.

யுரேனியம் கார்பைடு இலக்கில் புரோட்டான்கள் மோதியதும் வெளிவரும் மாங்கனீசை லேசரால் அயனியாக்கி, காந்தத்தால் பிரித்து, படிகத்துக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே அது இரும்பு-57 ஆக மாறி 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை உமிழ்கிறது. எதிரே உணர்கருவி வினாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். வேகத்துக்கு வேகம் பதிவாகும் எண்ணிக்கையை வரைந்தால் கிடைப்பதுதான் நிறமாலை; அதில் எந்த வேகத்தில் உச்சம் (கோடு) விழுகிறதோ அதை வைத்துத்தான் இரும்பின் இருப்பிடத்தைக் கணிக்கிறோம். இதற்கு மாஸ்பவர் நிறமாலையியல் என்று பெயர். இரவு ஷிப்டில் மாங்கனீசுக் கற்றை நின்றால் தேநீர். வந்தால் தேநீர் ஆறிப்போகும்.

சிலிக்கானில் ஒரு வேடிக்கை. மாங்கனீசு சிதையும்போது இரும்பு அணுவுக்குச் சராசரியாக 40 எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஓர் உதை கிடைக்கிறது. சிலிக்கானின் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்த அணு, இரும்பாக மாறிய கணத்திலேயே தெறித்து, அணுக்களுக்கு இடையிலுள்ள சந்தில் போய் மாட்டிக்கொள்ளலாம். நிறமாலையில் இரண்டு இடங்களுக்கும் தனித்தனிக் கோடுகள் வரும்.

துத்தநாக ஆக்சைடுதான் என்னைப் படுத்தியது. நடுவில் வலுவான கோடுகள், இருபுறமும் சிறகு விரித்ததுபோல ஆறு கோட்டுத் தொகுதி. ஆறு கோடு காந்தப் பொருளின் வழக்கமான அடையாளம் என்பதால், இதைக் கண்டதும் "காந்தப் பொருள் கிடைத்துவிட்டது" என்று துள்ளத் தோன்றும். ஆனால் வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்துப் பார்த்தால் கோடுகளின் வடிவம் மாறும் விதமே வேறு: அது தனித்து நிற்கும் மூவிணைதிற இரும்பு (மூன்று எலக்ட்ரான்களை இழந்த Fe³⁺), அதன் தற்சுழற்சி (ஸ்பின்) மெதுவாகத் திசை மாறுவதால்தான் அப்படித் தெரிகிறது. எங்கள் ஐசோல்டே குழு முன்பே காட்டியிருக்கும் முடிவுதான் இது. ஆறு கோடுகளை மட்டும் நம்பி எழுதப்படும் கட்டுரைகளை நான் இப்போது சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

எங்களுக்கு ஒதுக்கிய கற்றை நேரம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிச் செய்யும் பொருத்துதல்தான், அதாவது நிறமாலையைக் கணக்கின் வளைகோடுகளோடு ஒத்துப் பார்ப்பதுதான், உண்மையான வேலை. ஒரே ஒரு நிறமாலையை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். அதனால் அறை வெப்பநிலையிலிருந்து மேலே எடுத்த அத்தனையையும், கோணம் மாற்றி எடுத்தவற்றையும், ஒரே கணித மாதிரிக்குள் சேர்த்துப் பொருத்த வேண்டும். புதிதாக ஒரு கோட்டைச் சேர்த்தால், "சூடு ஏறும்போது இது எங்கே போகிறது?" என்பார் பேராசிரியர். பதில் இல்லையென்றால் அந்தக் கோட்டை அவரே அடித்துவிடுவார்.